பம்பு நின்றதா, நிறுத்தப்பட்டதா?



நெய்வேலித் திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே மண்ணையும் நிலக்கரியையும் வெட்டுவது மட்டும் வேலை அன்று. தண்ணீர் இறைப்பதும் பெரிய வேலை. பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே, மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் நிற்கிறது. மேலே உள்ள மண்ணை அகற்றிவிட்டால் அந்த நீரை அமுக்கிவைக்கும் சுமை குறைந்துவிடும். நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், அது சுரங்கத்தின் தரையைப் பெயர்த்துக்கொண்டு மேலே வந்துவிடும். ஆகவே பம்புகள் இரவு பகலாக ஓடவேண்டும்.

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஏதோ ஒரு சுரங்கம். ஏதோ ஓர் இரவு. இரவு ஷிப்ட் முடியப்போகிறது. பம்பைக் கவனிக்கும் ஊழியர் வீட்டுக்குப் போகுமுன் லாக் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுகிறார்:

“தி பம்ப் ஸ்டாப்டு அட் 5.10.”

காலை ஷிப்டுக்கு வந்தவர் அதைப் படிக்கிறார். “ஓகோ, பம்பு தானாக நின்றுவிட்டது போலும். மின்சாரம் போயிருக்கலாம், மோட்டார் சூடேறியிருக்கலாம்” என்று நினைத்து, பார்க்கவேண்டியவற்றை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, பம்பை ஓட்டுவதற்காகப் பொத்தானை நோக்கிக் கையை நீட்டுகிறார்.

ஆனால் நடந்தது வேறு. பம்பு தானாக நிற்கவில்லை. அதைப் பழுது பார்ப்பதற்காக இரவு ஊழியரே நிறுத்தியிருந்தார். பொத்தானை அழுத்தும் அந்த நேரத்தில், மறுபக்கத்தில் ஒரு ஃபிட்டர் தம் கையை இயந்திரத்துக்குள் விட்டுக்கொண்டிருக்கலாம்!

இரவு ஊழியர் எழுதியிருக்கவேண்டிய வாக்கியம் இது:

“தி பம்ப் வாஸ் ஸ்டாப்டு அட் 5.10 ஃபார் ரிப்பேர்.”

‘வாஸ்’ என்னும் ஒரே ஒரு சிறு சொல்தான் வேறுபாடு. முதல் வாக்கியத்தின் பொருள் ‘பம்பு நின்றது’. இரண்டாவதன் பொருள் ‘பம்பு நிறுத்தப்பட்டது’. தமிழில் எழுதியிருந்தால் நாம் யாருமே இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டோம். ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் ஏன் தடுமாறுகிறோம்?

சுரங்கங்களில் பூட்டு, அபாயப் பலகை முதலிய வேறு காவல்களும் உண்டு என்பது உண்மையே. ஆயினும் எழுத்தும் ஒரு காவல்தான். அந்தக் காவல் தூங்கிவிடக்கூடாது. அறிவியல் மாணவரான நீங்கள் இன்று ரெகார்டு நோட்டில் எழுதும் ஆங்கிலம், நாளை ஆலையிலும் மருத்துவமனையிலும் ஆய்வுக்கூடத்திலும் எழுதப்போகும் ஆங்கிலம். ஆகவே செயப்பாட்டு வினையைப் பற்றி இம்மாதம் சற்று விரிவாகப் பார்ப்போம்.

ஒரு வேண்டுகோள். ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். முதலில் வாய்விட்டுப் படியுங்கள். பிறகு ஆங்கில எழுத்தில் உங்கள் நோட்டில் எழுதிப் பாருங்கள். காதுக்கும் பயிற்சி, கைக்கும் பயிற்சி!

ஆங்கிலத்துக்கு ஏன் இது அவ்வளவு தேவை?

‘அண்ணன் மாம்பழத்தைத் தின்றான்’ என்கிறோம். ‘மாம்பழம் அண்ணனால் தின்னப்பட்டது’ என்று வீட்டில் யாராவது பேசினால் சிரிப்போம். பேச்சுத் தமிழில் ‘படு’ சேர்ந்த செயப்பாட்டு வினை மிகக் குறைவு. ஆனால் ஆங்கில அறிவியல் நூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் செயப்பாட்டு வினை. காரணம் என்ன?

தமிழில் ‘ஐ’ என்னும் வேற்றுமை உருபு இருக்கிறது. ‘மாம்பழத்தை அண்ணன் தின்றான்’ என்று சொற்களை இடம் மாற்றினாலும் பொருள் மாறாது. தின்றது யார், தின்னப்பட்டது எது என்பதை ‘ஐ’ காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே எந்தப் பொருளைப் பற்றிப் பேச விரும்புகிறோமோ அதைத் தமிழில் எளிதாக முன்னால் கொண்டுவந்துவிடலாம்.

ஆங்கிலத்தில் ‘ஐ’ கிடையாது. சொல் நிற்கும் இடம்தான் அதன் வேலையைக் காட்டுகிறது. வினைக்கு முன்னால் நிற்பது எழுவாய். பின்னால் நிற்பது செயப்படுபொருள். இடத்தை மாற்றினால் மாம்பழம் அண்ணனைத் தின்றுவிடும்! ஆகவே செயப்படுபொருளை முன்னால் கொண்டுவர வேண்டுமானால் வினையின் வடிவத்தை மாற்றியே தீரவேண்டும். அப்படி மாற்றிய வடிவமே செயப்பாட்டு வினை.

இன்னொன்றையும் கவனியுங்கள். ‘நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி எடுக்கிறார்கள்’ என்று சாதாரணமாகச் சொல்கிறோம். எடுப்பவர்கள் யார் யார் என்று நாம் கருதுவதில்லை. யார் என்று குறிப்பிடாத இந்த ‘ஆர்கள்’ வாக்கியத்துக்கு நேரான ஆங்கிலம் பெரும்பாலும் செயப்பாட்டு வினையே:

“லிக்னைட் இஸ் மைண்ட் அட் நெய்வேலி.”

‘அங்கே இப்படிச் செய்கிறார்கள்’, ‘இதை இப்படிச் சொல்வார்கள்’, ‘பாலம் கட்டிவிட்டார்கள்’ என்று தமிழில் மனத்தில் தோன்றினால், ஆங்கிலத்தில் செயப்பாட்டு வினைக்கு வேலை வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டு சக்கரம் உள்ள வண்டி

செயப்பாட்டு வினை இரண்டு சக்கரம் உள்ள வண்டி. ஒரு சக்கரம் ‘பீ’ என்னும் வினையின் ஏதாவது ஒரு வடிவம்: இஸ், ஆர், வாஸ், வேர், பீ, பீன், பீயிங். மற்றொன்று முதன்மை வினையின் மூன்றாம் வடிவம். டேக், டுக், டேக்கன் என்று மனப்பாடம் செய்கிறோமே, அந்த மூன்றாவது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் வண்டி ஓடாது.

மூன்றாம் வடிவம் எந்தக் காலத்திலும் மாறாது. காலத்துக்கு ஏற்ப மாறுவது ‘பீ’ மட்டுமே. இதோ பாருங்கள்:

வழக்கமாக நடப்பது: “வாட்டர் இஸ் பம்ப்டு அவுட் டே அண்ட் நைட்.”

இந்தக் கணம் நடந்துகொண்டிருப்பது: “வாட்டர் இஸ் பீயிங் பம்ப்டு அவுட் நௌ.”

ஒரு குறிப்பிட்ட காலத்தில் நடந்து முடிந்தது: “தி ஃபர்ஸ்ட் மைன் வாஸ் இனாகரேட்டட் இன் 1957.” (1957 மே 20ஆம் நாள் முதற் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தவர் பிரதமர் நேரு.)

முன்பு நடந்து, அதன் பயன் இன்றும் கண்முன் இருப்பது: “ட்ரீஸ் ஹேவ் பீன் பிளாண்டட் ஆன் தி ஃபில்டு லேண்ட்.” (நிலக்கரி எடுத்த பள்ளங்களை மண்ணால் நிரப்பி, அதன்மேல் மரம் வளர்த்திருக்கிறார்கள்.)

இனி நடக்கப்போவது: “தி சாம்பிள் வில் பீ டெஸ்டட் டுமாரோ.”

கட்டாயம்: “ஹெல்மெட்ஸ் மஸ்ட் பீ வோர்ன்.”

இவற்றில் நம்மவர் அதிகமாகத் தடுக்கி விழும் இடம் ‘பீன்’, ‘பீயிங்’ ஆகிய இரண்டும். வேகமாகப் பேசும்போது இரண்டும் நம் காதில் ஒன்றாகவே விழுகின்றன. அதனால் எழுதும்போதும் மாறிப்போகின்றன. ஒரே ஒரு விதியை நினைவில் வையுங்கள்: ஹேஸ், ஹேவ், ஹேட் ஆகியவற்றுக்குப் பின்னால் ‘பீன்’, இஸ், ஆர், வாஸ், வேர் ஆகியவற்றுக்குப் பின்னால் ‘பீயிங்’. ‘ஹேஸ் பீயிங் பம்ப்டு’ என்றோ, ‘இஸ் பீன் பம்ப்டு’ என்றோ எழுதினால் தவறு.

ஒருமை, பன்மையிலும் கவனம் வேண்டும். “தி சாம்பிள் வாஸ் டேக்கன்”, “தி சாம்பிள்ஸ் வேர் டேக்கன்.” ஆனால் அளவைச் சொல்லும்போது, “டென் கிராம்ஸ் ஆஃப் லிக்னைட் வாஸ் டேக்கன்” என்று ஒருமையில் எழுதுவதே வழக்கம். பத்துத் தனித்தனிக் கிராம்களை நாம் எண்ணி எடுக்கவில்லை. ஒரு கட்டியைத்தான் எடுத்தோம்!

கண்டெடுத்ததும் நிறுவியதும்

மூன்றாம் வடிவத்தில் ஒரு வேடிக்கையான பொறி இருக்கிறது. அதை விளக்க நெய்வேலியின் கதையே போதும்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நெய்வேலிப் பகுதியிலிருந்த தம் நிலத்தில், கிணற்று நீரோடு கரிய பொருள் ஒன்று வெளிவருவதைக் கண்டார். அதை அப்படியே விட்டுவிடாமல் அரசின் கவனத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் நிலவியல் ஆய்வாளர்கள் துளையிட்டுப் பார்த்து, அங்கே பழுப்பு நிலக்கரி பெருமளவில் இருப்பதை உறுதி செய்தார்கள். 1956இல் நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன் தொடங்கப்பெற்றது. 2016 முதல் அதன் பெயர் என்.எல்.சி. இந்தியா லிமிடெட்.

இதை ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதுவோம்:

“லிக்னைட் வாஸ் ஃபவுண்ட் இன் தி 1930ஸ். தி கார்ப்பரேஷன் வாஸ் ஃபவுண்டட் இன் 1956.”

ஃபைண்ட், ஃபவுண்ட், ஃபவுண்ட் என்பது ‘கண்டுபிடி’. ஃபவுண்ட், ஃபவுண்டட், ஃபவுண்டட் என்பது ‘நிறுவு’. ‘கார்ப்பரேஷன் வாஸ் ஃபவுண்ட்’ என்று எழுதினால், காணாமற்போன நிறுவனத்தை யாரோ தேடிக் கண்டுபிடித்ததாக ஆகிவிடும்!

இதைப் போன்றதே ‘லை’, ‘லே’ என்னும் இரட்டையர். நிலக்கரி மணற்கல்லுக்கு அடியில் கிடக்கிறது. கிடப்பது ‘லை’. “லிக்னைட் லைஸ் பிலோ தி சாண்ட்ஸ்டோன்” என்பதே சரி. ‘லே’ என்றால் கிடத்துவது. “தி பைப் வாஸ் லெய்ட் இன் தி ட்ரெஞ்ச்” என்றால் குழாயைப் பள்ளத்தில் பதித்தார்கள் என்று பொருள். நிலக்கரியை யாரும் கொண்டுவந்து பதிக்கவில்லை. ஆகவே அதற்கு ‘வாஸ் லெய்ட்’ பொருந்தாது.

எதை என்று கேளுங்கள்

“அன் ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்டு.” தேர்வுத் தாள்களில் அடிக்கடி காணப்படும் வாக்கியம் இது. இது முற்றிலும் தவறு. எப்படி வருகிறது இந்தத் தவறு? ‘வாஸ்’ என்பது இறந்த காலத்தின் அடையாளம் என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். ‘நிகழ்ந்தது’ இறந்த காலம்தானே, ஆகவே ‘வாஸ்’ போடுவோம் என்று போட்டுவிடுகிறார்கள். ‘ஹாப்பன்டு’ என்பதிலேயே இறந்த காலம் அடங்கியிருக்கிறது. ‘வாஸ்’ சேர்த்தால் அது ‘நிகழப்பட்டது’ ஆகிவிடும்! தமிழில் அப்படி ஒரு சொல் உண்டா?

தமிழ் இலக்கணப் பாடத்தில் செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றா வினை என்று படித்திருப்பீர்கள். வினையைப் பார்த்து ‘எதை?’ அல்லது ‘யாரை?’ என்று கேளுங்கள். ‘வெட்டினான்’, எதை? ‘மரத்தை’. விடை கிடைக்கிறது. இது குன்றா வினை. இதற்குச் செயப்பாட்டு வடிவம் உண்டு. ‘நிகழ்ந்தது’, எதை? விடை இல்லை. இது குன்றிய வினை. இதற்குச் செயப்பாட்டு வடிவம் இல்லை.

ஹாப்பன், அக்கர், எக்ஸிஸ்ட், ரிமெயின், அப்பியர், டிஸப்பியர், ரைஸ், ஃபால், கன்சிஸ்ட் ஆகியவை குன்றிய வினைகள். அறிவியல் பாடத்தில் நாள்தோறும் வருபவை. “எ ரியாக்ஷன் அக்கர்டு” என்று எழுதுங்கள்; ‘வாஸ் அக்கர்டு’ வேண்டாம். “தி கலர் டிஸப்பியர்டு” என்று எழுதுங்கள். ‘வாஸ் டிஸப்பியர்டு’ வேண்டாம். “ஏர் கன்சிஸ்ட்ஸ் மெயின்லி ஆஃப் நைட்ரஜன் அண்ட் ஆக்சிஜன்” என்பது சரி. அதையே ‘கம்போஸ்’ என்ற சொல்லால் சொல்வதானால் “ஏர் இஸ் கம்போஸ்டு மெயின்லி ஆஃப்...” என்று செயப்பாட்டு வினையில் வரும். இவ்விரண்டையும் கலந்து ‘இஸ் கன்சிஸ்டட் ஆஃப்’ என்று எழுதுவதுதான் பிழை.

தானாகவா, பிறராலா?

இப்போது நம் பம்புக்குத் திரும்பி வருவோம். தமிழில் நில் – நிறுத்து, உருகு – உருக்கு, திரும்பு – திருப்பு, ஆவியாகு – ஆவியாக்கு என்று இரட்டை வினைகள் இருக்கின்றன. முதலாவது தானாக நடப்பதைக் காட்டுகிறது. இரண்டாவது இன்னொருவர் செய்விப்பதைக் காட்டுகிறது.

ஆங்கிலத்தில் பல வினைகளுக்கு இந்த வேறுபாடு இல்லை. ஸ்டாப், மெல்ட், டர்ன், பர்ன், பாயில், இவாப்பரேட் ஆகியவை ஒரே வடிவில் இரண்டு வேலையையும் செய்கின்றன. ‘தி ஐஸ் மெல்ட்டட்’ என்றால் பனிக்கட்டி உருகிற்று. ‘ஹீ மெல்ட்டட் தி ஐஸ்’ என்றால் அவன் உருக்கினான். ‘தி ஐஸ் வாஸ் மெல்ட்டட்’ என்றால் பனிக்கட்டி உருக்கப்பட்டது. மூன்றும் சரியான ஆங்கிலமே. ஆனால் மூன்றும் ஒன்றல்ல.

ஆகவே எதை எழுதுவது என்று ஐயம் வந்தால், முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘நீர் ஆவியாயிற்று’ என்று வந்தால் “தி வாட்டர் இவாப்பரேட்டட்.” ‘நீர் ஆவியாக்கப்பட்டது’ என்று வந்தால் “தி வாட்டர் வாஸ் இவாப்பரேட்டட்.” தட்டில் வைத்த நீர் வெயிலில் வற்றியதைச் சொல்ல முதல் வாக்கியம். உப்பைப் பிரித்தெடுக்க நீங்கள் கரைசலைக் காய்ச்சியதைச் சொல்ல இரண்டாம் வாக்கியம். தாய்மொழி இங்கே நமக்குத் தடையன்று; நல்ல வழிகாட்டி.

இந்த வேறுபாடு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு இன்னொரு சான்று. பழுப்பு நிலக்கரியைக் குவித்து வைத்தால் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல வினைபுரிந்து உள்ளுக்குள்ளே சூடேறும். வெப்பம் வெளியேற வழியில்லாவிட்டால் தானாகவே தீப்பற்றிக்கொள்ளும். அப்படி ஒரு குவியல் எரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். “தி ஹீப் காட் ஃபயர்” என்று அறிக்கை எழுதினால், ‘தீப்பற்றியது, காரணத்தைத் தேடுங்கள்’ என்று பொருள். “தி ஹீப் வாஸ் செட் ஆன் ஃபயர்” என்று எழுதினால், ‘தீ வைக்கப்பட்டது, ஆளைத் தேடுங்கள்’ என்று பொருள்! ஒருவர் கவனமின்றி எழுதியதால் குற்றமற்ற காவலாளி ஒருவர் விசாரணைக்கு ஆளாகலாம் அல்லவா?

‘ஆல்’ ஒன்று, ஆங்கிலத்தில் இரண்டு

தமிழில் ‘மாணவனால் அளக்கப்பட்டது’ என்கிறோம். ‘அளவுகோலால் அளக்கப்பட்டது’ என்றும் சொல்கிறோம். செய்தவருக்கும் ‘ஆல்’, கருவிக்கும் ‘ஆல்’. ஆங்கிலம் இவற்றைப் பிரிக்கிறது. செய்தவருக்கு ‘பை’, கையில் பிடித்த கருவிக்கு ‘வித்’. “தி லென்த் வாஸ் மெஷர்டு வித் எ ஸ்கேல்” என்று எழுதவேண்டும். ‘பை எ ஸ்கேல்’ என்றால் அளவுகோல் தானே எழுந்து வந்து அளந்ததுபோல் இருக்கும்.

செய்யும் முறையைச் சொல்ல மீண்டும் ‘பை’: “தி வாட்டர் வாஸ் ரிமூவ்டு பை ஹீட்டிங்.” தாமே இயங்கும் பெரிய இயந்திரங்களைச் செய்தவர் இடத்தில் வைத்து ‘பை’ போடுவதும் உண்டு. நெய்வேலியில் மாபெரும் சக்கரத்தின் விளிம்பில் வாளிகள் பொருத்திய எக்ஸ்கவேட்டர்கள் மண்ணை வெட்டுகின்றன அல்லவா? “தி சாயில் இஸ் ரிமூவ்டு பை பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்ஸ்.”

எல்லா வாக்கியத்திலும் ‘பை’ போட வேண்டுமா? வேண்டியதில்லை. ரெகார்டு நோட்டில் ‘பை மீ’ என்று வரிக்கு வரி எழுதினால் படிப்பவர் சலித்துப்போவார். செய்தவர் யார் என்பது தெரிந்ததே என்றாலும், தேவையற்றது என்றாலும் விட்டுவிடலாம்.

ஒளிந்துகொள்ளும் இடமன்று

செய்தவரை விட்டுவிடலாம் என்றதும், எப்போதும் விட்டுவிடலாம் என்று கருதிவிடாதீர்கள். செயப்பாட்டு வினை நல்ல வேலைக்காரன். ஆனால் ஆட்களை ஒளித்துவைக்கவும் அவனுக்குத் தெரியும்.

“தி வால்வ் வாஸ் நாட் க்ளோஸ்டு.” வால்வு மூடப்படவில்லை. சரி, மூடவேண்டியவர் யார்? வாக்கியம் வாய் திறக்கவில்லை. “தி பீக்கர் வாஸ் ப்ரோக்கன்” என்று ஆய்வுக்கூட நோட்டில் எழுதும் மாணவனும் இதே திரையின் பின்னால்தான் நிற்கிறான். “ஐ ப்ரோக் தி பீக்கர்” என்று எழுத நான்கு சொல் இலக்கணமும் கொஞ்சம் நேர்மையும் போதும்.

“லேண்ட் வாஸ் அக்வயர்டு ஃபார் தி மைன்ஸ்.” சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டது. இலக்கணப்படி இது குற்றமற்ற வாக்கியம். ஆனால் யார் எடுத்தார்கள், யாரிடமிருந்து எடுத்தார்கள், கொடுத்தவர்கள் பிறகு எங்கே போய்க் குடியேறினார்கள்? சுரங்கங்களுக்காக ஊரையும் வயலையும் விட்டுச் சென்ற குடும்பங்கள் நெய்வேலியைச் சுற்றி ஏராளம். உங்கள் வகுப்புத் தோழரின் தாத்தா அவர்களில் ஒருவராக இருக்கலாம். வரலாற்றுக் கட்டுரை எழுதும்போது இத்தகைய வாக்கியத்தோடு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த வாக்கியத்தில் அந்த மனிதர்களைக் கொண்டுவாருங்கள்.

பெருமை சேரவேண்டிய இடத்திலும் இப்படித்தான். ஜம்புலிங்க முதலியாரைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறவர் ‘லிக்னைட் வாஸ் ஃபவுண்ட்’ என்று தொடங்கினால் அவருடைய பெயரே மறைந்துவிடும். நிலக்கரியைப் பற்றிய கட்டுரையில் நிலக்கரி எழுவாய். மனிதரைப் பற்றிய கட்டுரையில் மனிதர் எழுவாய். எதைப் பற்றிப் பேசுகிறோமோ அது முன்னால் நிற்கட்டும்.

‘அறிவியலில் நான், நாங்கள் என்றே எழுதக்கூடாது’ என்று சிலர் சொல்வதுண்டு. அது பொது விதியன்று. நியூட்டன் 1672இல் ஒளியையும் நிறங்களையும் பற்றி வெளியிட்ட கடிதத்தில் தம்மை ‘நான்’ என்றே குறித்தார். வாட்சனும் கிரிக்கும் 1953இல் டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை அறிவித்த கட்டுரை ‘வீ’ என்னும் சொல்லில்தான் தொடங்குகிறது. செய்முறையை யார் செய்தாலும் ஒன்றுதான். ஆகவே அங்கே செயப்பாட்டு வினை பொருத்தமானது. முடிவு உங்களுடையது, ஆகவே அங்கே ‘வீ’ பொருத்தமானது. எனினும் உங்கள் ஆசிரியர் ஒரு முறையை வகுத்திருந்தால் அதைப் பின்பற்றுங்கள்.

ஒரு சோதனை, ஒரு ரெகார்டு

இதுவரை படித்ததை ஒரு சோதனையில் பொருத்திப் பார்ப்போம். சுரங்கத்திலிருந்து புதிதாக வெட்டியெடுத்த நெய்வேலி நிலக்கரியின் எடையில் ஏறத்தாழப் பாதி நீர்தான். அதை அளப்பது எளிது. ஆசிரியரின் துணையோடு செய்யுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்:

“டென் கிராம்ஸ் ஆஃப் லிக்னைட் வாஸ் டேக்கன் இன் எ டிஷ். தி டிஷ் வாஸ் ஹீட்டட் இன் அன் அவன் அட் 105 டிகிரீஸ் செல்சியஸ் ஃபார் ஒன் அவர். தி வாட்டர் இவாப்பரேட்டட். தி டிஷ் வாஸ் கூல்டு அண்ட் வெய்டு அகெய்ன் வித் தி சேம் பேலன்ஸ். தி ஹீட்டிங் வாஸ் ரிபீட்டட் அன்டில் தி மாஸ் ரிமெயின்டு கான்ஸ்டன்ட். வீ கன்க்ளூட் தட் அபவுட் ஹாஃப் தி மாஸ் ஆஃப் திஸ் சாம்பிள் வாஸ் வாட்டர்.”

நாம் செய்தவை செயப்பாட்டு வினையில் இருக்கின்றன: டேக்கன், ஹீட்டட், கூல்டு, வெய்டு, ரிபீட்டட். தானாக நடந்தவை செய்வினையில் இருக்கின்றன: இவாப்பரேட்டட், ரிமெயின்டு. நம் முடிவுக்கு நாமே பொறுப்பேற்கிறோம்: வீ கன்க்ளூட். தராசுக்கு ‘வித்’. ஒரு சிறு பத்தியில் இன்றைய பாடம் முழுவதும் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ‘யூஸிங் எ பேலன்ஸ், தி லிக்னைட் வாஸ் வெய்டு’ என்று பலர் எழுதுகிறார்கள். வாக்கியத்தின் எழுவாய் லிக்னைட். ஆகவே லிக்னைட்டே தராசைப் பயன்படுத்தியதாக ஆகிவிடுகிறது! “தி லிக்னைட் வாஸ் வெய்டு வித் எ பேலன்ஸ்” என்றால் போதும்.

நீங்களே திருத்துங்கள்

கீழ்க்கண்ட ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு பிழை இருக்கிறது. விடையைப் பார்க்காமல் திருத்துங்கள்.

1. எ சடன் சேஞ்ச் வாஸ் அக்கர்டு இன் தி கலர்.
2. தி ஸ்கூல் வாஸ் ஃபவுண்ட் இன் 1960.
3. தி சாம்பிள்ஸ் வாஸ் கெப்ட் இன் எ பாட்டில்.
4. தி வாட்டர் ஹேஸ் பீயிங் ஃபில்டர்டு.
5. தி ஒயர் வாஸ் கட் பை எ நைஃப்.
6. தி ரீடிங்ஸ் நோட்டட் எவ்ரி ஃபைவ் மினிட்ஸ்.

விடைகள்: 1. ‘வாஸ்’ வேண்டாம், குன்றிய வினை. 2. ஃபவுண்டட். 3. வேர் கெப்ட், பன்மை. 4. ஹேஸ் பீன். 5. வித் எ நைஃப், கருவி. 6. வேர் நோட்டட், ஒரு சக்கரம் கழன்றுபோயிருந்தது.

ஆறும் சரியென்றால் மிக நன்று. நான்குக்குக் குறைந்தால் மீண்டும் ஒருமுறை படியுங்கள்.

நண்பர்களே, உங்களில் யாராவது ஒருவர் நாளை ஏதோ ஒரு பம்பு நிலையத்தில் இரவு ஷிப்ட் முடிந்து லாக் புத்தகத்தைத் திறப்பீர்கள். கண்களில் தூக்கம் இருக்கும். வீட்டுக்குப் போகும் அவசரம் இருக்கும். அப்போது பேனாவை ஒரு கணம் நிறுத்தி, உங்களையே தமிழில் கேட்டுக்கொள்ளுங்கள்: ‘பம்பு நின்றதா, நிறுத்தப்பட்டதா?’ விடையை அறிந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுங்கள். காலையில் வருகிறவர் உங்களை நம்பித்தான் பொத்தானை அழுத்தப்போகிறார்.